மாடுகள் நின்ற இடங்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதம். புதுக்கோட்டையிலிருந்து மாமனார் ஊரான கீரமங்கலத்துக்கு நானும் என் மனைவி செல்லம்மாளும் கரி பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். கண்டக்டர் அடுப்பை ஊதிக் கிளப்பவும், மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளவுமாக அரை நாள் போயிற்று. அங்கிருந்து மணமேல்குடிக் கடலுக்கு முப்பது மைலுக்குக் குறையாது. பஸ் கிடையாது. அவருடைய மாட்டுவண்டிதான் இருந்தது. மாமனாரும் எங்களோடுதான் வந்தார், மஞ்சள் துணியால் வாய் கட்டிய ஒரு கலயத்தில்.

மறுநாள் விடியும்போது புறப்பட்டோம். அதற்கடுத்த நாள் அமாவாசை; உச்சிப் பொழுதுக்குள் அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும். அவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொம்பளைப் பிள்ளை எதற்கு என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். செல்லம்மாள் வண்டியில் ஏறி, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள்.

வண்டியை நான் ஓட்டினேன் என்று சொல்வது என் மரியாதைக்காக. ஆபீசில் பேனா பிடிக்கிறவன் கையில் மூக்கணாங்கயிறு இருக்கிறது என்பதை மாடுகள் முதல் பர்லாங்கிலேயே தெரிந்துகொண்டன. செவலையும் மயிலையும் மாமனாரோடு இதே பாதையில் பதினைந்து நாளுக்கொருமுறை போய்வந்தவை. போகும்போது தேங்காய், வரும்போது கருவாடு. அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் அவை தாமாக நின்றன. ஒரு புளியமரத்தடியில் நின்றன, கொஞ்ச நேரம் கழித்துத் தாமாகவே நடந்தன. ஒரு வாய்க்கால் பாலத்தில் நின்றன. "வெத்தலை போட்டிருப்பாங்க" என்றாள் செல்லம்மாள்.

பத்து மணிக்கு மேல் ஆடிக்காற்று கிளம்பியது. பனைகள் சலசலத்தன, செம்மண் புழுதி எழுந்து அடங்கியது. கழுத்து மணிச் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கியது. வைக்கோல் மேல் சாய்ந்தபடி செல்லம்மாள் எனக்கா கலயத்துக்கா என்று தெரியாத குரலில் பேசிக்கொண்டே வந்தாள். ஐந்து வயதில் தாயை இழந்தவள். மாற்றாந்தாய் வேண்டாம் என்று அவர் வேறு கலியாணம் செய்துகொள்ளவில்லை; சடை பின்னுவதைக்கூடப் பக்கத்து வீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். கடலுக்குப் போய்த் திரும்பும் நாளில் எப்போதும் ஈரத்தலையோடு வீட்டுக்குள் வருவாராம். கடலிலிருந்து வருகிறவர் தலை அப்படித்தான் இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தாள்.

அன்றிரவு அறந்தாங்கிச் சத்திரத்தில் தங்கி, நடுச்சாமம் கழிந்ததுமே கிளம்பினோம். ஒன்பதரை மணி இருக்கும். மணமேல்குடிக்கு இன்னும் மூன்று மைல். உப்புக்காற்று முகத்தில் பட்டது. நேரே போக வேண்டிய மாடுகள் பாதையை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பின. இழுத்தேன், அதட்டினேன், கெஞ்சினேன். அவை ஒரு கூரைவீட்டு வாசலில் போய் நின்று, அங்கிருந்த கழுநீர்த் தொட்டியில் உரிமையோடு வாய் வைத்தன.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். செல்லம்மாள் வயதுதான். மாடுகளைத் தடவிக்கொடுத்து, "அவுங்க வரலயா?" என்று கேட்டாள். அவள் கைகளில் பச்சைக் கண்ணாடி வளையல்கள், பொன்புள்ளி வைத்தவை. தைப்பொங்கலுக்கு மாமனார் கொண்டுவந்து தந்ததும் அதே வளையல். அது என் பக்கத்தில், என் மனைவி கையில் இருந்தது.

மனிதர் பதினைந்து நாளுக்கொருமுறை வேறெதற்கோதான் வந்தாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். செல்லம்மாளுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். மடியிலிருந்த கலயத்தை எடுத்து வைக்கோல் மேல் வைத்தாள். கீழே இறங்கி, "இந்த வளையல் ஒனக்கு யாரு போட்டது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் அவள் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க செல்லம்மாவா?"

அவளுடைய தகப்பனார் மாமனாருக்குக் கருவாடு விற்பவர். செல்லம்மாளுக்கு மாமனார் முதன்முதலில் வாங்கிப்போன வளையல் அளவு பெரிதாயிருந்து கழன்று உடைந்துவிட்டதாம். அடுத்த நடை வந்தபோது இவளைப் பார்த்து, "ஒன் ஒசரந்தான் எம்மவ, கையை நீட்டு ஆத்தா" என்றாராம். வளையல்காரர் அவள் கைக்குப் போட்டு அளவு பார்த்தார். பெண்பிள்ளை கையில் ஏறிய வளையலைக் கழற்றி வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. எங்கள் பக்கத்தில் அது ஆகாத காரியம். அதனால் போட்டது அவள் கையில் தங்கியது, மகளுக்கு அதே அளவில் இன்னொரு ஜோடி வாங்கினார். அன்றுமுதல் எப்போதும் அப்படித்தான்.

"ஒங்களுக்கு அம்மை போட்டது, பல்லு விழுந்தது, கலியாணம் எல்லாம் எனக்குத் தெரியும். ஒங்க பேச்சில்லாம அவுங்க ஒரு வாய் தண்ணிகூட குடிச்சதில்ல."

செல்லம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. அப்போதுதான் அழுதாள், ஊரில் சடங்கெல்லாம் முடியும்வரை அழாதவள். கலயத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கும் விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கடலில் இறங்கினேன். அந்தப் பக்கத்துக் கடலுக்கு அலை அதிகமில்லை. இடுப்பளவுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது கரையில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள், எவள் என்னுடையவள் என்று சட்டென்று புரியவில்லை. கலயத்தைக் கவிழ்த்தேன்.

அந்தப் பெண்ணை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் மாலை கீரமங்கலத்துக்குத் திரும்பினோம். ஊருக்குக் கால் மைல் இருக்கையில், ஒரு குளத்தங்கரையில் மாடுகள் மறுபடி நின்றுவிட்டன. போகும்போது அவை அங்கே நிற்கவில்லை. வீடு கூப்பிடு தூரம், எனக்கு எரிச்சல். கயிற்றைச் சுண்டப் போன என் கையைச் செல்லம்மாள் பிடித்தாள். குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளையில கருவாட்டு வாடைன்னு அப்பா மடிக்கு வரமாட்டேனாம்" என்றாள். பிறகு, "இருங்க. அப்பா குளிச்சிட்டு வரட்டும்."

கயிற்றை விட்டேன். குளத்தில் யாரும் இல்லை. வெயில் தணிந்து தண்ணீர் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. ஒருவர் நிதானமாகத் தலை முழுகிக் கரையேறும் நேரம் அங்கேயே இருந்தோம். பிறகு மாடுகள் தாமாகவே நடக்கத் தொடங்கின.