கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாழ்த்து மடல்

எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர் வந்தால் மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் மூன்றும் தயாராக இருக்க வேண்டும். எண்பதுகளில் ஒரு தேர்தல் நெருங்கிய சமயம், மடல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

"போன தடவ விடிவெள்ளின்னு போட்டோம். இப்ப கலங்கரை விளக்கம்னு போடு," என்றார் கோயில் தலைவர்.

"சட்டமன்றத்துல நமக்காக என்ன பேசினாரு?"

"அதெல்லாம் யாரு கேட்டா? எழுத்து அழகா இருந்தா போதும்லா."

எனக்குப் போதவில்லை. எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குழாய் கிடையாது. கால்வாயில் மொண்டு வரும் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அம்மா படிகாரம் போட்டுத் தெளியவைப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் கிராமமான கம்பத்தில் வீட்டுக்கு வீடு குழாய்.

பஸ் ஏறி, கோலா சிலாங்கூரில் இருந்த அவருடைய சேவை மையத்துக்குப் போனேன். அவர் மன்றத்தில் செய்தவற்றை மலாய் மொழியில் அச்சடித்து அங்கே வைத்திருந்தார்கள். நின்றபடியே படித்தேன். படகுத்துறை கேட்டிருந்தார், வயல் வாய்க்கால் கேட்டிருந்தார். நாய் உரிமம் பற்றிய மசோதாவின் மீது பக்கம் பக்கமாகப் பேசியிருந்தார். அடுத்த தவணையில் செய்யப் போவதாகச் சொன்னவற்றிலும் தோட்டம் என்ற சொல்லே இல்லை.

"எங்க தண்ணியப் பத்தி ஒண்ணும் காணோமே, அண்ணே?" என்று அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணியைக் கேட்டேன்.

"எஸ்டேட் தனியார் நெலம்லா, தங்கச்சி. அரசாங்கம் எப்படி உள்ள வந்து பைப் போடும்?"

வீட்டுக்கு வந்து எழுதினேன். செம்பனை அறுக்கும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். "ஒரு எழுத்தும் மாத்தாத புள்ள. சத்தமா படி."

சட்டம் போட்டு வந்ததைத் தலைவர் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடி நல்லாருக்கு," என்றார். எந்த மடலையும் அவர் படித்ததில்லை, இதையும் படிக்கவில்லை.

உறுப்பினர் வந்தார்; மாலையும் பொன்னாடையும் முடிந்தன. நான் வாசித்தேன்: "மாண்புமிகு அவர்களே, படகுத்துறை கேட்டீர்கள், நன்றி. வயல் வாய்க்கால் கேட்டீர்கள், நன்றி. நாய் உரிமம் பற்றி விரிவாகப் பேசினீர்கள்; எங்கள் நாய்களின் சார்பில் நன்றி. எங்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அடுத்த தவணையில் அதை முதலில் கேளுங்கள்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. தலைவர் என்னைப் பார்த்து, போதும் என்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

உறுப்பினர் எழுந்தார். "தோட்டம் தனியார் நிலம், தங்கச்சி."

"ஓட்டுப் பெட்டிய மட்டும் தனியார் நெலத்துல கொண்டாந்து வைக்கலாமா?"

"பதில் சொல்லுங்க ஐயா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"கேட்கிறேன், கேட்கிறேன்," என்றபடி காருக்கு நடந்தார். மடல் நாற்காலியிலேயே கிடந்தது.

"தோட்டத்து மானத்தையே வாங்கிட்டியே!" என்றார் தலைவர்.

"கால்வாயில மொண்டு குடிக்கிறப்ப போகாத மானமா?"

அடுத்த வாரம் மடலை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். அதே கிராணி இருந்தார்.

"இத ஏன் இங்க கொண்டாந்த?"

"ஐயா மறந்துட்டுப் போயிட்டாரு. சொவத்துல மாட்டுங்க. எங்க லயத்துக்குக் குழாய் வந்ததும் நானே வந்து கழட்டிக்கிறேன்."

"இங்க ஆணி இல்லலா."

பையைத் திறந்தேன். ஆணியும் சுத்தியலும் வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தேன்.