அத்தையின் அட்டையில் இருந்த சொல்

பிள்ளைகளா, நேற்று சாப்பிடும்போது இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைக் காட்டிப் பேசினீர்களே, அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவனுடைய எழுத்து இது, பொறுத்துப் படியுங்கள். என் பக்கத்தில் ஒரு பழைய ரேஷன் அட்டை இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்து, மடித்த இடம் வெளுத்துப்போயிருக்கிறது. அதில் ‘தொழில்’ என்ற இடத்துக்கு நேரே ஒரே ஒரு சொல்: கூலி. அது என் அத்தையின் அட்டை, என் அப்பாவின் தங்கை. நீங்கள் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டார்.

மகளே, உன்னைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது, “அப்பா இன்னா பண்றாரு?” என்று அங்கே கேட்டார்கள். நான், “கூலிங்க, பட்டு நெய்யுறேன்” என்றேன். முதல் சொல் காதில் விழுந்ததுமே அங்கே இருந்தவர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். மீதியைக் கேட்க அவருக்குப் பொறுமையில்லை. நேற்று கல்லூரியிலிருந்து வந்த காகிதத்தில், அப்பாவின் தொழில் என்ற இடத்தில் அதுவே இங்கிலீஷில் நிற்கிறது. “ஏன்பா, பிசினஸ்னு சொல்லியிருக்கலாமில்ல? என் பிரெண்ட்ஸ் அப்பாங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க” என்று நீ கேட்டாய். மகன் போனைத் தடவி அந்தச் சொல்லைப் பற்றி ஒவ்வொன்றாகப் படித்தான். நம் தமிழ்ச் சொல்தான் கப்பலேறிப் போனது என்று சிலர் சொல்கிறார்களாம். குஜராத் பக்கத்து ஒரு கூட்டத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று வேறு சிலர். துருக்கியில் இதே மாதிரி ஒலிக்கிற சொல்லுக்கு அடிமை என்று பொருளாம். சீனாவில் கசப்பு, பலம் என்கிற இரண்டு எழுத்தைச் சேர்த்து இதை எழுதுவார்களாம். தென்னாப்பிரிக்காவில் நம் ஆட்களைத் திட்டுவதற்கே இதுதானாம். “அப்பா, உன்ன நீயே திட்டிக்கினு வந்துருக்கற” என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நீயும் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. அத்தையும் நானும் ஒரே தறியில் கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்த காலம் அது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் அத்தை, கரைப் பக்கம் நான். இழை அறுந்தால் விரலாலேயே தேடிப் பிடிப்பார். பிறகு இழை இருக்கிற இடமே அவருக்குத் தெரியாமல் போயிற்று. கண்ணில் புரை. மாமா இல்லை, பிள்ளை இல்லை. நெசவாளர்களுக்கான முதியோர் உதவித்தொகை கிடைத்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்துவிடலாம் என்று விண்ணப்பம் போட்டோம். அத்தைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அட்டையை வாங்கிப் பார்த்த குமாஸ்தா சிரித்தார். “இதுல கூலின்னு போட்டுருக்குதேமா. கூலின்னா மூட்டை தூக்குறது. இது நெசவாளருக்கு.”

“மூட்ட தூக்கறவன் இன்னா கொறஞ்சி பூட்டான்?” என்றார் அத்தை. “நான் தூக்கல. நான் பட்டு நெஞ்சேன். கைய பாரு.”

“கையெல்லாம் ஆதாரம் ஆகாதுமா.”

“அப்ப தறிய பேத்து எடுத்துக்கினு வரட்டா? உன் மேசைய கொஞ்சம் தள்ளு, தறிக்கு குழி வெட்டணும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவுக்கு முகம் மாறிவிட்டது. காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். பத்தாவது படித்த நான் பக்கத்திலேயே நின்றேன். “ஐயா, எங்கள் ஊரில் கூலி என்றால் ஆள் இல்லை, வேலைக்குக் கொடுக்கிற சம்பளம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தையிடம் எகிறினேன். “மொதல்லயே நெசவாளர்னு சொல்லித் தொலச்சிருக்கக்கூடாதா?”

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். “தறியில ஏத்துற பாவு நூலு யாருது? முதலாளிது. பட்டு யாருது, ஜரிகை யாருது? எல்லாம் அவருது. சொந்தப் பாவு போட்டு நெய்யறவன் தறிக்காரன்னு சொல்லிக்கட்டும். எனுக்கு அதுல கூலி மட்டுந்தான் சொந்தம். கேட்டான், சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?”

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. நம் தெருவில் யாரைக் கேட்டாலும், “கூலிக்கு நெய்யுறேன்” என்றுதான் சொல்வார்கள். அடுத்தவர் பட்டைத் தன்னுடையது என்று சொல்லாத நாணயம் அது. அந்த நாணயத்தை எடுத்து, ‘நெய்யுறேன்’ என்ற வேலையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த ‘கூலி’யை ஆளின் தலையில் ஒட்டிவிட்டார்கள். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே பதில். எதிர்வீட்டில் சாயம் போடுகிற தெலுங்குக்காரர் அத்தையைக் கேலி செய்வார். “எங்க தெலுங்குலயும் கூலின்னா சம்பளந்தாம்மா. ஆனா வீடு இடிஞ்சி விழுந்தாலும் கூலிபோயிந்தின்னுதான் சொல்வோம்.” அத்தை விட மாட்டார். “இடிஞ்சது நான் இல்லப்பா, அந்த ஆபீஸு” என்பார். கடைசிவரை உதவித்தொகை வரவில்லை. கண் தெரியாமலே நூல் சுற்றிக் கொடுத்து, அதற்கும் கூலி வாங்கித்தான் சாப்பிட்டார்.

மகளே, உன் காகிதத்தைத் திருத்த நான் ஏனாத்தூரில் உன் கல்லூரிக்கு வருகிறேன். பிசினஸ் என்று போடுவதற்கு இல்லை. அன்று நான் முழுங்கிய வார்த்தையைச் சொல்வதற்கு. உனக்கு வெட்கமாக இருந்தால் வெளியே நில், பரவாயில்லை. நான் தனியாகப் போய்ச் சொல்கிறேன். மகனே, நீ போனில் படித்ததெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எந்த நாட்டில் யார் எதற்குச் சொன்னார்களோ, அது அவர்கள் பாடு. இந்த வீட்டில் அந்தச் சொல்தான் உனக்குச் சோறு.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்தேன். நீங்கள் இருவரும் போய்விட்டீர்கள். உங்கள் அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். அத்தையின் அட்டையைத் தறிப் பலகைமேல் வைத்தேன். அந்தச் சொல்லை நான் அடிக்கவில்லை. அதற்கு முன்னால் விரல் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. நீல மையில், என்னால் முடிந்த அழகான எழுத்தில், ‘பட்டு நெய்த’ என்று எழுதினேன். மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தேன்.