நைனாவின் முறை நாளில் வந்த போர்க்கப்பல்

"நாலு எழுத்து படிச்சிட்டா கப்பல்காரன் நின்னு கேட்டுடுவானா இன்னா?" என்றார் சித்தப்பா, நான் மனு எழுதுவதைப் பார்த்து. கிண்டலுக்குத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், எனக்குச் சுருக்கென்றது.

எண்ணூர் முகத்துவாரத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி முறை பிரித்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். இறால் ஏறும் இடத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள். அதை விட்டால், எல்லோருடைய முறையும் முடிந்த பிறகுதான் மறுபடி வரும்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். போன மாதம் அவருடைய பாடு நாளில், பழுதுபார்க்க வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தது. காவல் படகு நைனாவை மறித்துத் திருப்பி அனுப்பியது.

"ஒரு நாள்தானே, நாளைக்குப் போட்டுக்கோ" என்றார் அதிலிருந்த அதிகாரி.

நாளை வேறொருவர் முறை என்று நைனா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. எங்கள் தண்ணீரில் நாங்கள் ஒதுங்கி நிற்க, துப்பாக்கி ஏந்திய அந்நியர்கள் கடந்து போனார்கள்.

ஊரில் எல்லோருக்கும் கோபம் என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில் பாதிப் பேர் கப்பலைப் படம் பிடித்தார்கள். தளத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், கப்பல் வந்தால்தான் தங்களுக்கு வேலை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே அந்தக் கப்பலின் வீரர்கள் எங்கள் கரையில் குப்பை பொறுக்க வந்தார்கள், கையுறையும் கேமராவுமாக. ஊர் சார்பில் ஆங்கிலத்தில் நன்றி சொல்ல, காவல் படகில் வந்த அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான் நன்றி சொல்லவில்லை. பாடு என்றால் என்ன, எங்கள் நாள் எப்படிப் போனது என்பதைச் சொன்னேன். ஒரு வீரன் கையுறையைக் கழற்றிவிட்டு, இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றான். அதிகாரி அவசரமாகக் கைதட்டிக் கூட்டத்தை முடித்தார். அவனைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம். சொல்லியிருக்க வேண்டியவர் அவரல்லவா?

வீட்டில் நைனா நனையாத வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"வுடும்மா, அட்த்த சுத்துல பாத்துக்கலாம்."

"அப்பவும் கப்பல் வந்தா?"

அவர் மடித்த வலையைத் தூக்கி மூலையில் வைத்தார்.

பாடு வரிசை முழுவதையும் தாளில் எழுதினேன். இதைப் பார்க்காமல், எங்களைக் கேட்காமல் கப்பலுக்காக முகத்துவாரத்தை மூட நாள் குறிக்கக் கூடாது என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். சித்தப்பா கைநாட்டு வைத்துவிட்டு, மை கையிலிருந்து போகவில்லை என்று என்னைத் திட்டினார். போன திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய ரசீது என் பையில் இருக்கிறது.