பகிஷ்கரிப்புக்கு ஓர் அனுமதிக் கடிதம்

உயர்தரம் படித்தபோது நாங்கள் பதினொரு பேர் வகுப்பைப் பகிஷ்கரிக்க முடிவெடுத்தோம். கண்டாவளைப் பக்கம் அந்த மாரியில் இரண்டு தடவை வெள்ளம் வந்து, எங்கள் பள்ளிக்கூடமே இடைத்தங்கல் முகாமாகியிருந்தது. ஆற்று மணலை டிப்பர் டிப்பராக அள்ளி, கரைக் காட்டையும் வெட்டினால் வேறென்ன நடக்கும்? வெளிநாட்டுப் பிள்ளைகள் காலநிலைக்காக வகுப்பை விட்டு வீதியில் இருப்பதைப் போனில் பார்த்திருந்தோம்.

வன்னியில் வீதியில் இருந்தால், பெயர் விபரம் கேட்டுப் புலனாய்வு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். அந்தப் பயத்தில் உலகத்தில் எவரும் செய்யாத வேலையைச் செய்தோம். பகிஷ்கரிக்க அனுமதி கேட்டு, வகுப்பாசிரியர் ஊடாக அதிபருக்குக் கடிதம் கொடுத்தோம். எழுதியவள் நான்.

அதிபர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "நல்ல விசயம் பிள்ளையள். ஏன் வெளியில வெயிலுக்கை நிக்கவேணும்? உள்ளுக்கையே வடிவாச் செய்வம்."

வெள்ளிக்கிழமை முதல் இரண்டு பாடங்களையும் அவரே நிறுத்தினார். பாண்ட் வாத்தியம், மங்கல விளக்கு, மரநடுகை என்று விழா நடந்தது. எங்கள் சுலோக அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு கைக்கொரு மரக்கன்று தந்தார்கள். பிரதம விருந்தினர் அந்த டிப்பர்களின் முதலாளி. கன்றுகளும் அவருடைய டிப்பரில்தான் வந்திறங்கின. வேர்ப் பைகளில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது.

"கடிதம் எழுதின பிள்ளையே ஐயாவுக்கு மாலையைப் போடட்டும்" என்றார் அதிபர்.

ஐயா உயரமான மனிதர், கொஞ்சமும் குனியவில்லை. மாலை சரியாக விழவேண்டுமே என்று நான்தான் குதிக்காலை உயர்த்தி நின்று போட்டேன்.