யானை நெற்றியில் நாலாவது ஃபிரேம்

ஏலவார்குழலி கோபம் வந்தால் கத்தமாட்டாள், வேலை செய்வாள். பதினெட்டு வயதில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் மை துடைக்கப் போனவள், நாற்பத்திரண்டில் ஐயம்பேட்டையில் சொந்தமாகத் தாம்பூலப் பை அச்சடிக்கிறாள். படமெல்லாம் அவளே வரைவது.

மூன்று வருடமாக அவளுக்குக் கோபம் அடுத்த தெரு சிவராஜ் மேல். அவனும் பைதான் அடிக்கிறான். ஒரு மாதம் உட்கார்ந்து அவள் வரைந்த அன்னப்பட்சியை, சும்மா பார்க்க வந்தவன்போல் வந்து போனில் படம் பிடித்துப் போய்த் தன் பைகளில் அடித்துவிட்டான். அதுகூடப் போகட்டும். குழலிதான் தன்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தானே, அந்த வாயை என்ன செய்வது? தன் கையால் வரைந்ததற்கே அவள் திருடி! வயிறு எரியாதா?

ஒருநாள் அவன் பையை உற்றுப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வரைந்த அன்னத்துக்கு இடது காலில் ஒரு விரல் விட்டுப்போயிருந்தது. அவன் அன்னத்துக்கும் அதே விரல் இல்லை. படுபாவி, திருடுவதைக்கூடக் கண்ணைத் திறந்து திருடவில்லை. இருடா மவனே, உனக்கு இருக்குது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டினாள்.

காத்திருந்த நேரம் வந்தது. சின்ன காஞ்சிபுரம் ஆதிகேசவன், மகள் கல்யாணப் பைக்கு யானைப் படம் வேண்டுமென்று இரண்டு பேரிடமும் மாதிரி கேட்டார். வடகலை ஐயங்கார் குடும்பம். குழலி திட்டம் போட்டாள். சில்க் ஸ்கிரீனில் ஒரு நிறத்துக்கு ஒரு ஃபிரேம். யானையின் உடம்புக்கு ஒன்று, முகபடாமுக்கு ஒன்று, மணிகளுக்கு ஒன்று, நெற்றி நாமத்துக்கு ஒன்று. அந்த நாலாவதை மட்டும் இரண்டு விதமாகச் செய்தாள். பாதம் இல்லாத வடகலை நாம ஃபிரேமை பீரோவில் வைத்துப் பூட்டினாள். கீழே பாதம் இறங்கும் தென்கலை நாமத்தில் ஒரு பை அடித்து, வாசலுக்கு நேராகக் கொடியில் காயப்போட்டாள். கோயில் யானை நெற்றியில் அந்தப் பாதம் வேண்டுமா வேண்டாமா என்று கோர்ட் படியேறிய ஊர் காஞ்சிபுரம்.

மறுநாளே வந்துவிட்டான்.

"இன்னா குழலி, யானை ஜோரா இருக்குது!"

"உக்காருப்பா, டீ வாங்கியாறேன்" என்று வெளியே போனவள், கால்மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். அவன் டீயில் சர்க்கரைகூட ஒரு கரண்டி அதிகம் போடச் சொல்லியிருந்தாள்.

மாதிரி காட்டும் நாளில் ஆதிகேசவன் வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். சிவராஜ் முந்திக்கொண்டான்.

"சொந்த டிசைன் சார். பத்து நாளா இதே வேலை."

ஆதிகேசவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஏன்யா, எங்காத்துக் கல்யாணத்துக்குப் பாதம் வெச்ச நாமமா? சம்பந்தி என்ன நினைப்பா? யார் வரைஞ்சது இதை?"

சிவராஜ் சட்டென்று குழலியைக் கைகாட்டினான்.

"நான் இல்ல சார்! சத்தியமா நான் வரையல. இதோ, இந்தம்மா வரைஞ்சது. இவங்க கொடியில தொங்கிக்கினு இருந்துச்சு, போட்டோ புடிச்சுக்கினேன்!"

குழலி தன் பையை எடுத்து மெதுவாக விரித்தாள். அதே யானை, அதே மணி, நெற்றியில் சரியான நாமம்.

"அவன் சொல்றது நிஜமாம்மா?" என்றார் ஆதிகேசவன்.

குழலி சிவராஜைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குச் சரியா காதுல வுழலப்பா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தபா சொல்லு. அந்த அன்னப்பட்சியும் யாருதுன்னு சேத்துச் சொல்லு."

சொன்னான்.