காற்றுத் திருகைத் திறந்த படகுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணி, தூறல். மலேசியாவில், கடலோரக் காப்பாரில் படகேறி, என் மனைவியின் அஸ்திக் கலயத்தை மடியில் வைத்து, பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டரைக்குள் கரைத்தாக வேண்டும். அதன் பிறகு கடல் ஏற்றம் தொடங்கிவிடும்; ஏறும் தண்ணீர் அஸ்தியைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

படகுக்காரர் ஒல்லியானவர், பற்றவைக்காத சிகரெட் ஒன்று எந்நேரமும் உதட்டில் இருந்தது. பாதி வழியில் அவருடைய பழைய மோட்டார் இருமி நின்றது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்ரோல் குழாயிலிருந்த ரப்பர் உருண்டையை அழுத்தினார். அது சப்பையாகவே கிடந்தது. டாங்கி மூடியைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஸ்குருவை யாரு லா மூடுனது? காத்து உள்ள போகாட்டி எண்ணெய் எப்படி வரும்?"

"நான்தான். அவளுக்கு பெட்ரோல் வாடை ஆகாது."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்குருவைத் திறந்துவிட்டுக் கலயத்தைப் பார்த்தார்.

"அப்படின்னா ஆன்டிய முன்னாடி கொண்டு போங்க, அங்கிள். அங்க வாடை வராது."

நான் கலயத்தோடு முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் மோட்டாரைக் கிளப்பினார். எட்டு இருபதுக்குக் கரைத்தோம். தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் மூக்குக்காக அவர் காத்திருந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இறங்கியதும், ஏறுமுன் நான் பேரம் பேசிக் குறைத்திருந்த முப்பது வெள்ளியையும் சேர்த்து, நூற்றெண்பது வெள்ளி கொடுத்தேன்.