மாதிரி பார்த்துக் கொடுத்த சாமான்

ரோஸ்லினுக்குக் கண்ணே ஸ்கேல் என்பார்கள் விழுப்புரம் மெக்கானிக்குகள். கெட்டுப்போன சாமானைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தால், என்ன வண்டி, எந்த வருஷம் என்று இரண்டே கேள்விதான். அதற்குள் புது டப்பா கைக்கு வந்திருக்கும். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டும் எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

கண்டமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கணவர் குவைத்துக்குப் போனபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடையை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்தவர், பதினோரு வருஷத்தில் மெக்கானிக்குகளுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அந்தப் பெருமை அவருக்கும் கொஞ்சம் உண்டு.

போன வைகாசியில் ஒருநாள் சாயங்காலம், கடை மூடுகிற நேரத்தில் சீனுவாசன் என்கிற விவசாயி வந்தார். திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிறவர். இருபது வருஷத்து சுமோ வைத்திருக்கிறார். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதாம். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராட் எண்ட் போய்விட்டது, பழைய மாடலுக்குத் திண்டிவனத்தில் கிடைக்கவில்லை, கண்ணையன் மெக்கானிக் அனுப்பினார் என்றார். கழற்றிய பழைய சாமானை மாதிரிக்காகக் கவுண்டரில் வைத்தார். கிரீஸ் அப்பிக் கிடந்தது. கடைசி பஸ் அவசரத்தில் ரோஸ்லின் அதைத் துடைக்கவில்லை. பார்த்தார், டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பில் போடவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. எங்கள் வரிசையில் எந்தக் கடையும் வாங்குவதில்லை.

மறுநாள் கடை திறந்தபோது அந்த மாதிரி அங்கேயே கிடந்தது. மனுஷர் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய இரும்புப் பெட்டியில் போடப் போன ரோஸ்லின், பழக்கதோஷத்தில் அதைத் துணியால் துடைத்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, இங்க வாங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டார். நேற்று கொடுத்ததற்கு ஜோடியான புதுசு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். சக்கரத்தின் பக்கம் ஓட்டையில் போய் உட்கார வேண்டிய கூம்பு, புதுசில் ஒரு நூல் மெலிசு. அந்த ஒரு வருஷத்து மாடலில் மட்டும் இரண்டு அளவு உண்டாம். ஆர்.சி. புக்கில் சேசிஸ் நம்பர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம்.

"எனக்குத் தெரியும்ண்ணே. தெரிஞ்சே கேக்காம குடுத்துட்டேன்" என்றார்.

கண்ணையனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவரோ சாவகாசமாகப் பேசினார். "ஆமாம்மா, கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு. டப்பாத் தகட்ட வெட்டி சுத்தி, ராத்திரியே டைட் பண்ணி வுட்டுட்டேன். காலைல குடும்பத்தோட புதுச்சேரி பக்கம் இரும்பை ஊரு கோயிலுக்குக் கெளம்பிட்டாங்க. எட்டு பேரு."

தகடு நசுங்கினால் நட்டு தளரும், நட்டு போனால் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப, சக்கரம் இன்னொரு பக்கம் போகும். புதுச்சேரி ரோட்டில் பஸ்கள் வருகிற வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கண்ணையனிடம் சீனுவாசனின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ரோஸ்லின் மாதாவைக் கூப்பிட்டபடியே மூன்றாவது தடவை அழுத்தினார். சீனுவாசனின் மனைவி முனியம்மாள் எடுத்தார்.

"விழுப்புரம் ஸ்பேர் கடைலேர்ந்து பேசறேங்க. நேத்து குடுத்த சாமான் தப்பு. வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க."

பின்னால் சீனுவாசன் குரல் கேட்டது. "வண்டி பூ மாதிரி போய்க்கினு இருக்குது. இன்னொண்ணு விக்கறதுக்குக் கூப்புடறாங்க, வையி போன."

"வெக்காதீங்கம்மா" என்றார் ரோஸ்லின். "நான் ஏமாத்தறேன்னே நெனச்சுக்கங்க. இனிமே என் கடைக்கு வராதீங்க. இப்ப மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, உங்க கால்ல வுயறேன்."

முனியம்மாள், "நிறுத்துய்யா. அந்தப் பொண்ணு அழுவுது" என்றார்.

கதவு திறக்கிற சத்தம், குழந்தைகள் இறங்குகிற சத்தம், "எங்க சாமி கோயிலு" என்று ஒரு பிஞ்சுக் குரல். சீனுவாசன் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கடியில் போனார் போலிருக்கிறது. நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெகுநேரம் கழித்து சீனுவாசனே பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"நட்டு கையாலயே கழண்டு வந்துடுச்சும்மா."

ரோஸ்லின் ஸ்டூலில் உட்கார்ந்தார். சரியான அளவு சாமானை எடுத்துக்கொண்டு நானே பைக்கில் போகிறேன் என்று போனை வாங்கிச் சொன்னேன். வைத்துவிட்டு, "தப்பிச்சாங்கம்மா, போதும், அழாத" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இவரு மாதிரிய வெச்சுட்டுப் போனதால தெரிஞ்சுதுண்ணே" என்றார். "பதினோரு வருஷமா மத்தவங்க எல்லாம் மாதிரிய கையோட எடுத்துக்கினு போயிட்டாங்களே."